மண்டையோட்டு பேட்ஜை 28,000 ரூபாய் கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: பழைய ராணுவச் சின்னங்களைச் சேகரிக்கத் தொடங்கியிருக்கிறேன். 17/21-வது லான்சர்ஸ் என்ற பிரிட்டிஷ் டாங்கி ரெஜிமென்ட்டின் மண்டையோட்டுத் தொப்பி பேட்ஜையும், வீரரின் பெயர் பொறித்த ஆப்பிரிக்கா ஸ்டார் பதக்கத்தையும் சேர்த்து 28,000 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். பேட்ஜ் 1854-ல் கிரிமியாவில் நடந்த பாலக்லாவா போரில் அணிந்ததாம். ரெஜிமென்ட்டைக் கலைத்துவிட்டதால் விலை இனி ஏறுமே தவிர இறங்காது என்கிறார். சான்றிதழும் தருகிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

ஆண்டுக் கணக்கைப் பார்த்தாலே போதும். லான்சர்ஸ் என்றால் ஈட்டி ஏந்திய குதிரைப்படை. 17/21 என்ற பெயர் வந்ததே 1922-ல்தான். முதல் உலகப் போருக்குப் பின் செலவைக் குறைக்கக் குதிரைப்படைகளை இரண்டிரண்டாக இணைத்தபோது 17-வது லான்சர்ஸும் 21-வது லான்சர்ஸும் ஒன்றாயின. பாலக்லாவாவில் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிக் குதிரையை விரட்டியது 17-வது மட்டும். 21-வது அப்போது பிறக்கவே இல்லை. 1858-ல் வங்காளத்தில் ஐரோப்பியரைக் கொண்டு திரட்டிய படை அது. அதன் பெரிய நாள் 1898-ல் சூடானின் ஓம்துர்மானில் வந்தது. அன்று அந்தப் படையோடு குதிரையில் போனவர்களில் இளம் சர்ச்சிலும் ஒருவர். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அந்தப் படைக்கு மூன்று கிடைத்தது.

1854-ல் லான்சர்கள் அணிந்தது மேல்புறம் சதுரமாக இருக்கும் உயரமான தொப்பி. துணித்தொப்பியில் செருகும்படி பின்னால் பட்டை வைத்த இந்தச் சின்ன உலோக பேட்ஜ் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆக, பாலக்லாவா கதை அங்கேயே அடிபட்டுப் போகிறது.

மண்டையோட்டுக்கு மட்டும் நிஜமாகவே பழைய கதை உண்டு. 1759-ல் கனடாவின் கியூபெக்கில் வெற்றி கிடைத்த அதே போரில் பிரிட்டிஷ் தளபதி வுல்ஃப் செத்துப்போனார். அந்தச் செய்தியை லண்டனுக்குக் கொண்டுபோன ஜான் ஹேல்தான் பிறகு 17-வது படையைத் திரட்டினார். வுல்ஃபின் நினைவாக மண்டையோட்டையும் எலும்புகளையும் சின்னமாக வைத்தார். மண்டையோட்டுக்குக் கீழே உள்ள எழுத்துப் பட்டையில் 'ஆர் குளோரி' (இல்லையேல் புகழ்) என்று மட்டும் இருக்கும். மண்டையோட்டையும் சேர்த்துப் படித்தால் 'சாவு, இல்லையேல் புகழ்'. இந்த எழுத்துப் பட்டையைக் கவனிக்காமல், ஹிட்லரின் எஸ்.எஸ். படைச் சின்னம் என்று இதையே இரட்டை விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இணைந்த பிறகும் 17-வதின் இந்த வடிவத்தையே வைத்துக்கொண்டார்கள். 1938-ல் குதிரைகள் போய் இயந்திர வண்டிகள் வந்தன. 1943 ஏப்ரலில் துனிசியாவின் ஃபோண்டூக் கணவாயில் டாங்கிகளோடு கண்ணிவெடி வயலுக்குள் புகுந்து, பெரிய இழப்பைச் சந்தித்தபோதும் தொப்பியில் இதே மண்டையோடுதான். அதனால் முன்பக்கத்தை மட்டும் பார்த்து வயது சொல்ல முடியாது. சொல்கிறேன் என்பவரை நம்பவே வேண்டாம்.

'கலைத்துவிட்டார்கள்' என்பதும் பாதி உண்மைதான். 1993-ல் இன்னொரு லான்சர் படையோடு இணைத்தார்கள். 2015-ல் அதையும் இன்னொன்றோடு இணைத்து 'ராயல் லான்சர்ஸ்' ஆக்கினார்கள். மண்டையோடு இன்றும் தொப்பியில் இருக்கிறது. அதன் பின்னால் குறுக்காக இரண்டு ஈட்டிகள் தெரிந்தால் அது 1993-க்குப் பிந்தையது. அதையும் உலகப்போர்ச் சரக்கு என்று விற்கிறார்கள். போதாததற்குப் பழைய அச்சிலேயே புதிதாக அடித்த பேட்ஜ்கள் வேறு. அச்சு அசல்தான், அடித்த காலம் மட்டும் வேறு. பின்பக்கத்துத் தயாரிப்பாளர் முத்திரையைப் பார்த்து மயங்காதீர்கள், அதையும் போலியாக அடிக்கிறார்கள்.

அப்புறம் பதக்கம். ஆப்பிரிக்கா ஸ்டார் போன்ற இரண்டாம் உலகப் போர் ஸ்டார் பதக்கங்களைப் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். பெயர் இருந்தால் பின்னால் யாரோ பொறித்தது. ஆனால் இதில் ஒரு விலக்கு இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள். இந்திய ராணுவத்தினருக்குக் கொடுத்த அதே ஸ்டார்களில் அரசே பெயர் பொறித்தது. அன்றைய இந்தியக் குதிரைப்படையில் 17-வது எண் பூனா ஹார்ஸுக்கு, 21-வது எண் சென்ட்ரல் இந்தியா ஹார்ஸுக்கு. எண்ணை மட்டும் பார்த்தால் குழம்பத்தான் செய்யும். பொறித்திருக்கும் பெயர் இந்தியருடையதா, படையின் பெயர் என்ன என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இந்தியப் படை என்றால், பதக்கம் தன்னளவில் அசலாக இருக்க வாய்ப்பு உண்டு. பேட்ஜுக்கும் அதற்கும்தான் சம்பந்தம் இருக்காது. பிரிட்டிஷ் பெயர் என்றாலும் உடனே மோசடி என்று சொல்லிவிட முடியாது, வீரரோ குடும்பமோ தம் செலவில் பொறித்துக்கொண்டதும் உண்டு. ஆனால் அந்தப் பொறிப்பு எதற்கும் ஆதாரமாகாது, அதற்காகக் கூடுதல் விலையும் கொடுக்கக் கூடாது.

சான்றிதழா? அதில் கையெழுத்துப் போட்டவரும் விற்பவரும் ஒரே ஆளாகத்தான் இருப்பார்கள். வீரரின் பணிப்பதிவை நாமே தேடலாம் என்றால், பிரிட்டனில் அவற்றைப் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கு 2022 முதல் மாற்றத் தொடங்கினார்கள். லட்சக்கணக்கான கோப்புகள், பதிலுக்குக் காத்திருந்தே சலித்துவிடும். இந்தத் தாமதம்தான் தரகர்களுக்குப் பிழைப்பு.

இங்கேயும் சட்டத்துக்குக் குறைவில்லை. 1972-ன் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டைத் தாண்டிய தொல்பொருள்களை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். யார் போய்ச் சோதிக்கிறார்கள்? ஆனாலும் நீங்கள் கேளுங்கள்: "1854 சரக்கு என்கிறீர்களே, உரிமத்தைக் காட்டுங்கள்." அடுத்த நொடியே பேட்ஜின் வயது இறங்கிவிடும்.

அப்படியும் ஆசை விடவில்லை என்றால், பின்பக்கத்தையும் செருகு பட்டையையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அனுப்பினால், பட்டையைப் பற்றவைத்த இடம் புதிதாகப் பளபளக்கிறதா, உருக்கி வார்த்த போலியில் வரும் சிறு குழிகள் பரப்பில் தெரிகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வெறும் பேட்ஜாக, பேட்ஜின் விலைக்குக் கேளுங்கள். முன்பணம் மட்டும் அனுப்பாதீர்கள்.