சிறுநீர்க் கசிவு: எந்தச் சிகிச்சைக்கு ஆதாரம் இருக்கிறது? – கேள்வி பதில்

கேள்வி: மேடம், எனக்கு 38 வயது. இரண்டுமே சுகப்பிரசவம். இருமினால், தும்மினால் உள்ளாடை நனைந்துவிடுகிறது. கெகல் பயிற்சியால் நிஜமாகவே பலன் உண்டா, இல்லை ஆறுதலுக்குச் சொல்கிறார்களா?

பதில்: பலன் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018இல் 31 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. உங்களைப் போல அழுத்தத்தால் கசிகிறவர்களில், இடுப்புத்தளத் தசைப் பயிற்சி (கெகல் என்பது இதுதான்) செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 சதவீதம் பேர்தான். இந்த எண்கள் வந்தது சின்னச் சின்ன ஆய்வுகளிலிருந்து. அதைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் பெரிது.

சிறுநீர் கழித்துவிட்டு, முழங்காலை மடக்கி மல்லாந்து படுங்கள். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுருக்கி, அதே இழுப்பைச் சிறுநீர்த் துவாரம் வரை முன்னால் கொண்டுவந்து, உள்ளே மேல்நோக்கித் தூக்குங்கள். 5 வினாடி பிடித்து 5 வினாடி முழுதாகத் தளர்த்துங்கள். போகப்போக 10 வினாடி. வேளைக்குக் குறைந்தது 8 முறை, தினம் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். மூன்று வாரத்தில் விட்டுவிட்டுப் பலனில்லை என்பவர்கள்தான் அதிகம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: மூச்சைப் பிடித்து முக்குவது. அப்படி முக்கினால் தசை மேலே போகாமல் கீழே தள்ளப்படும், கசிவு கூடும். வயிற்றில் கை வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுங்கள். எண்ண முடிந்தால் மூச்சு அடைபடவில்லை. தொடையும் பிட்டமும் தளர்வாக இருக்கட்டும். சிறுநீரைப் பாதியில் நிறுத்திப் பார்ப்பது தசையை அடையாளம் காண ஒருமுறை போதும்; அதையே தினசரிப் பயிற்சியாக்க வேண்டாம்.

இன்னொன்று, இருமலுக்கு முந்தைய நொடியில் இறுக்கிப் பிடிப்பது. 1998இல் அமெரிக்காவில் 27 பெண்களுக்கு இதை மட்டும் சொல்லிக்கொடுத்து, ஒரு வாரம் கழித்துக் காகிதத் துண்டை வைத்து இருமச் சொல்லி, நனைந்த அளவை அளந்தார்கள். இறுக்காமல் இருமியதோடு ஒப்பிட்டால், நடுத்தர இருமலில் ஈரம் சராசரியாக 98 சதவீதமும் பலமான இருமலில் 73 சதவீதமும் குறைந்தது. இதற்குத் தசை பலப்படும் வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: தசை இறுகுவதைத் திரையில் காட்டும் பயோஃபீட்பேக் கருவியை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: பணத்தைச் சேமியுங்கள். பிரிட்டனில் 600 பெண்களை வைத்து நடந்த ஓபல் ஆய்வில் பாதிப்பேருக்குப் பயிற்சி மட்டும், மீதிப்பேருக்குக் கருவியும் சேர்த்து. இரண்டு வருடம் கழித்துக் கசிவின் அளவில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. எந்தத் தசையென்றே பிடிபடாதவர்கள் பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை பரிசோதித்துக் கற்றுக்கொள்வது நல்லது.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. குழாய்ச் சத்தம் கேட்டாலே அவசரமாக வந்துவிடும், பாத்ரூம் போவதற்குள் போய்விடுகிறது. மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: இது வேறு வகை, சிறுநீர்ப்பை தானாகச் சுருங்குவதால் வருவது. முதலில் சிறுநீர்த் தொற்று, சர்க்கரை, மலச்சிக்கல் மூன்றையும் பாருங்கள். பிரஷர் மாத்திரையில் சிறுநீரைப் பெருக்கும் மருந்து இருந்தால், அதைச் சாப்பிடும் நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்தது பழக்கம். அவசரம் வந்ததும் ஓடக் கூடாது. நின்ற இடத்தில் நின்று, அல்லது உட்கார்ந்து, ஐந்தாறு முறை சட்சட்டென்று இறுக்கித் தளர்த்த வேண்டும். அவசரம் தணிந்த பிறகு சாதாரணமாக நடந்து போகலாம். கூடவே நேரக் கணக்கு: இப்போது ஒரு மணி நேரம் தாங்குகிறார் என்றால் அதில் தொடங்கி, வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டுங்கள். ஆறு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும்.

1998இல் 55 வயதைக் கடந்த 197 பெண்களிடம் இதை மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். கசிவு குறைந்த அளவு: பயிற்சியில் 81 சதவீதம், ஆக்சிபியூட்டினின் என்ற மாத்திரையில் 69, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையில் 39. அந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். "எனக்கு இது கேட்டது" என்ற சாட்சியத்தை மட்டும் நம்பி எதையும் வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஆக்சிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனசின் வகை மாத்திரைகளில் வாய் வறளும், மலச்சிக்கல் வரும். வயதானவர்களுக்குக் குழப்பமும் வரலாம். மிராபெக்ரானில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: தண்ணீரைக் குறைத்தால் கசிவும் குறையுமா?

பதில்: ரொம்பக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகிவிடும், மலச்சிக்கலும் சேரும். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போதும். காபி, டீயைக் குறைத்துப் பாருங்கள், செலவில்லாத சோதனை. எடைதான் முக்கியம். 338 பருமனான பெண்களிடம் நடந்த ஆய்வில், ஆறு மாதத்தில் எடை சராசரியாக 8 சதவீதம் குறைந்த குழுவில் கசிவு 47 சதவீதம் குறைந்தது. மற்ற குழுவில் 28.

கேள்வி: சார், மேடம் யாராவது சொல்லுங்கள். அப்பாவுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம். இன்னும் கசிகிறது.

பதில்: இரண்டு மாதத்தில் முடிவு கட்ட வேண்டாம், ஒரு வருடம் வரை தானாகவே முன்னேற்றம் வரும். பயிற்சிக்கான ஆதாரம் ஆண்களில் அவ்வளவு வலுவாக இல்லை. மேப்ஸ் ஆய்வில் தெரபிஸ்ட் நேரில் கற்றுக்கொடுத்த குழுவில் ஒரு வருடத்தில் 76 சதவீதம் பேருக்குக் கசிவு இருந்தது, வழக்கமான கவனிப்புப் பெற்ற குழுவில் 77. கற்றுக்கொண்டு வீட்டில் செய்யட்டும். அதற்கென்று மாதக்கணக்கில் கட்டணம் கட்டுவதற்கு இந்த ஆய்வு துணை நிற்காது.

கேள்வி: லேசரில் சரியாகிவிடும் என்கிறார்களே? ஆபரேஷன் அளவுக்குப் போக வேண்டுமா?

பதில்: பெண்ணுறுப்பில் செய்யும் லேசருக்கு நான் சம்மதிக்க மாட்டேன். கசிவுக்கென்று அதை விளம்பரப்படுத்துவதை எதிர்த்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. தீக்காயம், தழும்பு, நீடித்த வலி வந்திருக்கின்றன. ஆபரேஷன் அப்படியல்ல. இருமினால் கசியும் வகை நடுத்தரம் முதல் கடுமை வரை உள்ள 460 பெண்களை நெதர்லாந்தில் ஆராய்ந்தபோது, முதலிலேயே ஸ்லிங் (சிறுநீர்க் குழாயைக் கீழிருந்து தாங்கும் நாடா) பொருத்தும் குழுவில் ஒரு வருடத்தில் 85 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். பிசியோதெரபியில் தொடங்கிய குழுவில் 53. அந்தக் குழுவில் பாதிப்பேர் பிறகு ஆபரேஷனுக்கு மாறியும் கணக்கு இதுதான். ஆனால் அந்த ஸ்லிங் ஒரு பிளாஸ்டிக் வலைநாடா. வலி, வலை அரித்து வெளியே வருவது போன்ற புகார்களால் இங்கிலாந்தில் 2018 ஜூலையில் அதைப் பொருத்துவதையே நிறுத்திவைத்தார்கள். முடிவெடுக்கும் முன் டாக்டரிடம் மூன்றைக் கேளுங்கள்: வலை வைக்கிறீர்களா, வலையில்லாத முறை எனக்குப் பொருந்துமா, பின்னால் வலி வந்தால் அதை எடுக்கத் தெரிந்தவர் யார்.