மூன்று ஓட்டல்கள் மூடிய இடத்தில் நான்காவதாக நீங்கள் திறக்கலாமா?

கேள்வி: சென்னை ராயப்பேட்டையில், தியேட்டரும் மாலும் நடந்து போகிற தூரத்தில், தரைத்தளத்தில் 1,400 சதுர அடி இடம் வருகிறது. ஐந்து ஆண்டுகளில் அங்கே மூன்று ஓட்டல்கள் திறந்து மூடிவிட்டன. இப்போது நடத்துபவர் அடுப்பு முதல் ஏசி வரை எல்லாம் சேர்த்து 'ரெடி செட்டப்' என்று 18 லட்சம் கேட்கிறார். வாடகை 1.6 லட்சம், பத்து மாத அட்வான்ஸ். சனி, ஞாயிறுகளில் தெருவே நிரம்பி வழிகிறது. காலையில் டிபன், மாலையில் பரோட்டா, பிரியாணி போடலாம் என்று இருக்கிறேன். எடுக்கலாமா?

பதில்: இந்த வாடகைக்கும் இந்த 18 லட்சத்துக்கும் வேண்டாம். வாடகை 1.2 லட்சத்துக்கு இறங்கி, புகையும் சாக்கடையும் கீழே சொல்லும் சோதனையில் தேறி, சாமான்களைத் தனித்தனியாக விலை போட்டு வாங்க முடிந்தால் எடுக்கலாம்.

முதலில் அந்தச் சனிக்கிழமைக் கூட்டம். தியேட்டரைச் சுற்றியுள்ள தெருக்களில் கூட்டம் அலை அலையாகத்தான் வரும். காட்சி தொடங்குவதற்கு அரை மணி முன்பும், விட்ட பிறகு அரை மணியும் டேபிள் கிடைக்காது. நடுவில் இரண்டு மணி நேரம் சப்ளையர்கள் சும்மா நிற்பார்கள். மாலுக்குள் போனவர்களில் பெரும்பாலோர் அங்கேயே ஃபுட் கோர்ட்டில் சாப்பிட்டுவிடுவார்கள். தெருவில் நடப்பவர்கள் எல்லாரும் உங்கள் வாடிக்கையாளர்கள் இல்லை. ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று முதல் மூன்று வரையும், அதே நாள் இரவு எட்டு முதல் பத்து வரையும் எதிர்ப்புறம் நின்று எண்ணுங்கள். அக்கம்பக்கத்து ஓட்டல்களுக்குள் எத்தனை பேர் நுழைகிறார்கள், எத்தனை பேர் பார்சலோடு வெளியே வருகிறார்கள் என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை செகண்ட் ஷோ விடும் நேரத்தையும் பாருங்கள். அந்த நேரத்தில் கூட்டம் நேராக பார்க்கிங்குக்குப் போனால், இரவு வியாபாரத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இனி கணக்கு. வாடகை 1.6 லட்சம் என்கிறார்கள். உங்கள் கையிலிருந்து போவது அதைவிட அதிகம். கடை வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஓட்டல் பில்லில் நீங்கள் போடுவது 5 சதவீதம். அந்த 5 சதவீதத்தில் உள்ளீட்டு வரியை, அதாவது வாடகைக்கும் சரக்குக்கும் நீங்கள் கட்டிய வரியை, கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே வாடகை மீதான 28,800 ரூபாய் முழுவதும் உங்கள் செலவு. மாதம் 1,88,800 ஆகிறது. கட்டட உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றாலும் தப்ப முடியாது. 2024 அக்டோபர் 10 முதல், அப்படிப்பட்டவருக்குக் கொடுக்கும் கடை வாடகைக்கு, வழக்கமான முறையில் பதிவு பெற்ற வாடகைதாரரே வரி கட்ட வேண்டும். புதிதாக வருபவர்களில் பலர் இந்த ஒரு வரியை விட்டுவிட்டுத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

1,400 சதுர அடியில் சமையலறை, பாத்திரம் கழுவும் இடம், ஸ்டோர் எல்லாம் போக ஏறக்குறைய 46 இருக்கைகள் போடலாம். தலைக்கு 220 ரூபாய் பில் என்று வையுங்கள். வார நாளில் ஒரு இருக்கையில் மூன்று பேர் மாறி மாறி உட்கார்ந்தால் 138 பேர், 30,360 ரூபாய். சனி, ஞாயிறில் ஆறு பேர் என்றால் 276 பேர், 60,720 ரூபாய். 22 வார நாள், 8 விடுமுறை நாள் சேர்த்து மாத விற்பனை 11.5 லட்சம். வார நாளில் மூன்று என்பதே எளிதில் எட்டும் எண் இல்லை. நால்வர் டேபிளில் இருவர் உட்கார்ந்திருப்பதுதான் நடைமுறை.

அந்த 11.5 லட்சத்தில் சரக்குக்கு 38 சதவீதம் போகும். பிரியாணி இருக்கிற மெனுவில் இதற்குக் கீழே இறக்கப் பார்த்தால் கறியின் அளவில்தான் கை வைக்க வேண்டிவரும். ஆட்களின் சம்பளம், அவர்களுக்குச் சாப்பாடு, தங்கும் அறை எல்லாம் 25. கேஸ், கரண்ட், தண்ணீர் 10. பேக்கிங், ரிப்பேர், சுத்தம், வீணாவது 7. மீதி 20 சதவீதம், அதாவது 2.3 லட்சத்தில்தான் வாடகை கட்ட வேண்டும். 1,88,800 போனால் கையில் நிற்பது 42,000. போட்ட முதலுக்கான வட்டியை இன்னும் எடுக்கவில்லை. அட்வான்ஸ் மட்டுமே 16 லட்சம் முடங்கிக் கிடக்கும். வாடகை 1.2 லட்சமானால் வரியோடு 1,41,600, மீதி 89,000. ஒரு மழை மாதத்தைத் தாங்கும் கடைக்கும் தாங்காத கடைக்கும் இந்த வித்தியாசம்தான். வாடகை, அதன் வரியையும் சேர்த்து, விற்பனையில் 12 சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும். 16-ஐத் தொட்டால் உரிமையாளருக்காகத்தான் கடை நடத்துவீர்கள். ஆன்லைன் ஆர்டர் வந்து தூக்கிவிடும் என்று நம்பாதீர்கள். கமிஷனும் தள்ளுபடியும் போன பிறகு, அதே பிரியாணியில் உட்கார்ந்து சாப்பிடுபவர் தரும் லாபம் வராது.

மூன்று ஓட்டல்கள் ஏன் மூடின என்று இப்போது நடத்துபவரிடம் கேட்டுப் பயனில்லை. எதிரே இருக்கும் பெட்டிக்கடைக்காரர், அங்கே சிலிண்டர் போட்ட ஏஜென்சி ஆள், காய்கறி இறக்கியவர், வேலை பார்த்த மாஸ்டர்கள் ஆகியோரிடம் கேளுங்கள். ஒருவர் கூட்டாளி சண்டையில் மூடியிருந்தால் அது ஆளின் பிரச்சினை. மெனு, விலை, முதலாளி மூன்றும் மாறியும் மூவரும் ஏறக்குறைய ஒரே மாதக் கணக்கில் படுத்திருந்தால் பிரச்சினை அந்த இடத்தில் இருக்கிறது. மேல் மாடிக் குடியிருப்பின் புகார், மழைக்குத் திரும்பி மேலே வரும் சாக்கடை, வண்டி நிறுத்த இடமில்லாதது ஆகியவை எந்த விளம்பரப் பலகையிலும் தெரியாது.

தெருவே மாறிவிடுவதும் உண்டு. மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மாதவரம்–சிப்காட் வழித்தடம் ராயப்பேட்டை அரசு மருத்துவமனை, ராதாகிருஷ்ணன் சாலை வழியாகப் போகிறது. தடுப்பு வைத்து ஒருவழியாக்கிய தெருவில் நடந்து வருபவர் குறைவார், ஆட்டோ நிற்காது. உங்கள் கடை வாசலில் இப்போது தடுப்பு இருக்கிறதா, அடுத்து வர இருக்கிறதா என்று போக்குவரத்துக் காவல் நிலையத்தில் விசாரியுங்கள். இடத்தின் மீது உரிமை இல்லாத ஓட்டலுக்கு நல்ல பெயரும் காவல் இல்லை. கதீட்ரல் சாலையில் 1962 முதல் நடந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008-இல் மூடியது, இட்லி கெட்டுப்போனதால் இல்லை. நிலம் அரசின் கைக்குப் போனது. இன்று அங்கே செம்மொழிப் பூங்கா இருக்கிறது.

அடுத்தது புகை. சென்னையில் குடியிருப்பு கலந்த தெருக்களில் ஓட்டலைப் படுக்க வைப்பதில் இதற்கு முதலிடம் தரலாம். எக்ஸாஸ்ட் டக்ட், அதாவது புகையை வெளியேற்றும் குழாய், கட்டடத்தின் மொட்டை மாடியைத் தாண்டி மேலே போக வேண்டும். பின்சந்தில் திறந்துவிட்டிருந்தால் அதை எக்ஸாஸ்ட் என்றே கணக்கில் எடுக்காதீர்கள். அடுப்புக்கு மேல் புகையை இழுக்கும் ஹுட், அடுப்பு வரிசையைவிட எல்லாப் பக்கமும் அரை அடி நீண்டிருக்க வேண்டும். எல்லா அடுப்பையும் எரியவிட்டு, ஒரு டிஷ்யூ தாளை ஹுட்டின் ஃபில்டரில் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு சமையலறைக் கதவைத் திறந்து பாருங்கள். கதவு இழுத்துக்கொண்டு திறப்பது கடினமாக இருந்தால், வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வரவில்லை என்று பொருள். அப்போது ஹாலில் போட்ட ஏசிக் குளிர் முழுவதும் சமையலறை வழியாக வெளியே போகும். கரண்ட் பில் ஏறும், மாஸ்டர்கள் வெக்கையில் ஓடிவிடுவார்கள். கடைசியாக, பத்துக் காய்ந்த மிளகாயை வாணலியில் கருக்கி, ஒருவரை மேல் மாடியில் நிறுத்துங்கள். அவருக்கு இருமல் வந்தால் புகார் மனு எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். டக்ட்டின் உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். விரல் கனத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் அது தீ பிடிக்கும் விறகு. அப்படியே வாங்காமல், சுத்தம் செய்யும் செலவை விலையில் கழியுங்கள்.

சாக்கடைக்கு: கழுவும் தொட்டிகள் எல்லாவற்றையும் விளிம்புவரை நிரப்பி ஒரே நேரத்தில் அடைப்பை எடுங்கள். ஐந்து நிமிடத்தில் தரை வடிகாலில் தண்ணீர் மேலே எட்டிப் பார்த்தால் வெளிக்குழாயில் கோளாறு. கிரீஸ் டிராப் (கழிவுநீரிலிருந்து கொழுப்பைப் பிரிக்கும் தொட்டி) இருக்கிறதா, திறக்க வழியிருக்கிறதா என்று பாருங்கள். சூடாகப் போகும் கொழுப்பு குழாயில் ஆறி உறைந்து கல்லாகும். தொட்டியில் தண்ணீரைத் தேக்கி, மிதக்கும் கொழுப்பை வாரம் ஒருமுறை அள்ளினால்தான் குழாய் பிழைக்கும். பிரியாணி, பரோட்டாக் கடைக்கு இது இல்லாமல் ஆறு மாதம் ஓடாது. கார்த்திகை மழையில் தெருவில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்று பக்கத்துக் கடையில் கேட்டு, சுவரில் கறையைப் பாருங்கள்.

கரண்டில் ஒன்றை மட்டும் பாருங்கள்: மின் இணைப்பில் அனுமதி பெற்ற லோடு எவ்வளவு? நான்கு 2 டன் ஏசி, 3 குதிரைத்திறன் எக்ஸாஸ்ட், காற்று உள்ளே தள்ளும் மோட்டார், கிரைண்டர்கள், ஃப்ரீசர்கள், விளக்கு எல்லாம் சேர்ந்தால் 20 கிலோவாட்டை ஒட்டி வரும். அட்டையில் 8 கிலோவாட் இருந்தால் கூடுதல் லோடுக்கு விண்ணப்பித்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். பழைய பாக்கி இருந்தால் அதுவும் அந்த இணைப்போடு உங்கள் தலையில் விழும். கேஸில், 100 கிலோ வரை உரிமம் இல்லாமல் வைக்கலாம். 19 கிலோ சிலிண்டர் ஐந்து வைத்தால் 95. ஆறாவது வந்தால் எல்லை தாண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. ஆகவே கசிவு உணரும் கருவி தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்க வேண்டும். கூரையில் மாட்டியிருந்தால் அது அலங்காரம்தான்.

அந்த 18 லட்சம்: மொத்தத் தொகைக்குச் சம்மதிக்காதீர்கள். பட்டியல் கேளுங்கள். கூல்டிரிங்ஸ் வைக்கும் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜும் ஐஸ்கிரீம் ஃப்ரீசரும் பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனியுடையவை, சிலிண்டர் டெபாசிட் பழைய முதலாளி பெயரில் இருக்கும், வேறு சாமான்கள் வங்கிக் கடனில் அடமானமாகவும் இருக்கலாம். பில்லும் வங்கியின் தடையில்லாச் சான்றும் இல்லாத பொருளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஸ்டீல் மேசைகளைக் காந்தம் வைத்துப் பார்ப்பது போதாது. 304 தரமும் மலிவான 202 தரமும் இரண்டுமே காந்தத்தில் சரியாக ஒட்டாது. கடையில் கிடைக்கும் சோதனைச் சொட்டு மருந்தை ஒரு மூலையில் விட்டுப் பாருங்கள். பழைய ஓட்டல் சாமான் வாங்குபவர் ஒருவரைக் கூட்டிப்போய் விலை கேளுங்கள். அவர் சொல்வதற்கு மேல் நீங்கள் தருவது டக்ட்டுக்கும் பிளம்பிங்குக்கும் மட்டுமாக இருக்கட்டும். மூடுகிற கடைக்குக் 'குட்வில்' தருவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

உணவுப் பாதுகாப்பு உரிமத்தை விலைக்கு வாங்க முடியாது. பழையவர் தன் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமத்தையும் ஜிஎஸ்டி பதிவையும் அந்த முகவரியிலிருந்து எடுத்தால்தான் உங்கள் விண்ணப்பம் தடையின்றி நகரும். கடைசித் தவணையை அதற்குப் பிறகு தருவதாகப் பேசுங்கள். மாநகராட்சித் தொழில் உரிமமும் உங்கள் பெயரில் புதிதாக வேண்டும்.

ஒப்பந்தத்தைப் பதினொரு மாதத்துக்குப் போட்டுப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். லட்சக்கணக்கில் சுவருக்குள் புதைப்பவருக்குப் பதினொரு மாதம் போதாது. ஆறு அல்லது ஒன்பது ஆண்டுக்குப் பதிவு செய்யுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். உரிமையாளர் ஒப்பந்தக் காலம் முழுவதும் வெளியேற்றக் கூடாது; நீங்கள் மட்டும் முதல் 12 மாதத்துக்குப் பிறகு மூன்று மாத நோட்டீஸில் விலகலாம் என்று எழுதுங்கள். வேலை நடக்கும் 60 நாளுக்கு வாடகை இல்லை, டக்ட் மொட்டை மாடிவரை போக அனுமதி, போர்டு, ஜெனரேட்டர் வைக்கும் இடம், தெரு மூடப்பட்டால் வாடகைக் குறைப்பு ஆகியவற்றையும் வாய்வார்த்தையில் விடாதீர்கள். அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், தாமதமானால் எத்தனை சதவீத வட்டி என்பதும் எழுத்தில் வேண்டும். மூன்று ஓட்டல்களுக்குப் பிறகு காலியாகும் இடம் என்பதால் பேரம் பேச உங்களுக்குத்தான் பிடிமானம் அதிகம். இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் உரிமையாளருக்கு 3.2 லட்சம் நஷ்டம், 1.2-க்குக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

திறந்த பிறகு செவ்வாய், புதன், வியாழன் விற்பனையைத் தனி நோட்டில் எழுதி வாருங்கள். ஏழாவது மாதத்தில் அந்த மூன்று நாளின் சராசரி 25,000-ஐத் தாண்டவில்லை என்றால், பன்னிரண்டாம் மாதம் முடிந்ததும் விலகும் நோட்டீஸைத் தயார் செய்யுங்கள். ஆட்களின் சம்பளமும் சரக்குக்காரர் பாக்கியும் தீர்க்கிற பணம் கையில் இருக்கும்போதே மூடுவதற்கு அது ஒன்றுதான் வழி.