மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு அம்மா தக்காளி பறிக்கப் போகலாமா?

ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தது எல்லாம் முடிந்த அம்மா பாலக்கோட்டில் பழையபடி தக்காளி பறிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டர் சரி என்றால் தாராளமாகப் போகலாம்.

அக்குளில் நெறிக்கட்டிகளை (நிணநீர் என்ற உடல் திரவத்தை வடிகட்டும் முடிச்சுகளை) எடுத்திருந்தால் அந்தக் கையில் நிணநீர் தேங்கி வீங்கலாம், வருடங்கள் கழித்தும்கூட. கண்ணுக்கு வீக்கம் தெரியும் முன்பே வளையல் இறுகும், ரவிக்கைக் கை பிடிக்கும், கை கனக்கும். அப்போதே பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். கையில் இறுக்கமாக மாட்டும் அழுத்த உறை, பயிற்சி என்று கட்டுக்குள் வைக்கலாம். "கையை அசைக்காதே" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள், தோள் இறுகிவிடும். கூடையின் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டட்டும். கீறல் படாமல் கையுறை போடட்டும். கை சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

புற்றுநோய் திரும்பாமல் இருக்கத் தரும் டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறாரா? திடீரென உடம்பு சூடேறி வியர்ப்பது அதனால் இருக்கலாம். டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.