மாத்திரை போட்டதும் மோசமானது: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள டாக்டர்,

ஜெர்மனியின் மார்பர்க் நகரத்து இடுப்பு மூட்டு நோயாளி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். இதயம் பலவீனமாகி, காதும் கண்ணும் போய்க்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்த பேராசிரியர், செயற்கை மூட்டிலிருந்து ரத்தத்தில் கலந்த கோபால்ட்தான் காரணம் என்று ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார் என்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. என் தங்கைக்கு அந்த ஐந்து நிமிடம் கிடைக்கப் பதினாறு மாதம் ஆனது.

அவளுக்கு வயது 29. திடீரென நெஞ்சு படபடக்கும், வியர்த்து ஊற்றும், தலை வெடிப்பதுபோல் வலிக்கும், முகம் வெளுத்துவிடும். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். டாக்டரிடம் போகும்போது பிரஷர் நார்மல். மூன்று பேர் பார்த்தார்கள், மூவரும் பதற்றம் என்றார்கள். இரண்டாமவர் படபடப்புக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். அதைப் போட்ட பிறகு தலைவலி இன்னும் மோசமானது. மூன்றாமவரிடம் அதைச் சொன்னபோது, 'பயத்தில் அப்படித்தான் தோன்றும்' என்றாராம். நான்காவதாகப் பார்த்தவர்தான் சிறுநீர்ச் சோதனை எழுதினார். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறாள்.

இரண்டு கேள்வி. முதல் நாளே எல்லா டெஸ்டும் எடுத்திருந்தால் என்ன? முதல் மூன்று பேர் செய்தது அலட்சியமா, இல்லையா? மழுப்பாமல் சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தங்கை தேறிவிட்டார் என்பதில் மகிழ்ச்சி. அந்த ஐந்து நிமிடத்தை முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் அதை நான் எழுதிய விதத்தில் குறை இருக்கிறது. அந்தப் பேராசிரியர் யூர்கன் ஷேஃபர் மாணவர்களுக்குப் பாடம் நடத்த ஒரு தொலைக்காட்சி மருத்துவத் தொடரைப் பயன்படுத்தி வந்தவர், அந்தத் தொடரிலேயே கோபால்ட் நச்சுக் கதை ஒன்று வந்திருந்தது. ஆக 2012-இல் அந்த நோயாளி வந்தபோது விடை ஏற்கெனவே அவர் தலைக்குள் இருந்தது. உடைந்த பீங்கான் மூட்டை எடுத்துவிட்டு கோபால்ட் கலந்த உலோகத் தலை கொண்ட மூட்டு வைத்திருந்தார்கள், உள்ளே மிச்சமிருந்த பீங்கான் துணுக்குகள் உப்புத்தாள் மாதிரி அந்த உலோகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. மூட்டை மாற்றிய பிறகு இதயம் ஓரளவு மீண்டது, செவியும் பார்வையும் பெரிதாகத் திரும்பவில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு 'ஐந்து நிமிடம்' என்று எழுதினால் மாயாஜாலம் போலத்தான் தெரியும். என் தப்பு.

சரி, உங்கள் தங்கைக்கு வருவோம். அந்தக் கட்டிக்கு ஃபியோகுரோமோசைட்டோமா என்று பெயர். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகவே கண்டுபிடிக்கப்படுகிறது. அது அட்ரீனலின், நார்அட்ரீனலின் என்ற ஹார்மோன்களைத் தன் இஷ்டத்துக்கு ரத்தத்தில் கொட்டும், கொட்டாத நேரத்தில் ஆள் சாதாரணமாக இருப்பார். அதனால்தான் டாக்டர் அறையில் பல நேரம் பிரஷர் நார்மலாக இருக்கிறது. தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வந்து சேர்ந்து போவதுதான் பாடப்புத்தக அடையாளம். குனியும்போதும் வயிறு அழுந்தும்போதும் சிலருக்குக் கிளம்பும். இதே வகைக் கட்டி அபூர்வமாகச் சிறுநீர்ப்பையில் வரும், அவர்களுக்குச் சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் தலைவலியும் படபடப்பும் வரும், அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டே வருடக்கணக்கில் அவதிப்படுவார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த மாத்திரை. பெயர் எழுதவில்லை, ஆனால் படபடப்புக்கு வழக்கமாகக் கொடுப்பது பீட்டா பிளாக்கர். அட்ரீனலின் என்ற ஹார்மோன் ரத்தக் குழாயில் இரண்டு வேலை பார்க்கிறது. ஆல்ஃபா ஏற்பிகள் (ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்கள்) வழியாகக் குழாயைச் சுருக்குகிறது, பீட்டா ஏற்பிகள் வழியாகத் தசைகளுக்குப் போகும் குழாய்களை விரிக்கிறது. கட்டி இருப்பது தெரியாமல் பீட்டாவை மட்டும் அடைத்தால் விரிப்பதற்கு ஆளில்லை, சுருக்குவது மட்டும் தடையில்லாமல் நடக்கும், பிரஷர் எகிறும், தலைவலி கூடும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. அறுவைக்கு முன் ஒன்றிரண்டு வாரம் தங்கைக்கு வேறொரு மாத்திரை கொடுத்திருப்பார்கள், அது ஆல்ஃபா பிளாக்கர். அதைக் கொடுத்துக் குழாய்களைத் தளர்த்திய பிறகுதான், தேவைப்பட்டால் பீட்டா. இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதை மாணவப் பருவத்திலேயே எங்கள் மண்டையில் ஏற்றிவிடுவார்கள். சேசர் ரூ, சார்லஸ் மேயோ என்ற இரு அறுவை மருத்துவர்கள் 1926-இல் தனித்தனியே முதன்முதலாக இந்தக் கட்டியை வெற்றிகரமாக அகற்றியபோது இந்த மருந்துகளெல்லாம் கிடையாது, கட்டியைத் தொட்டதும் தாறுமாறாக ஏறும் பிரஷரோடு எப்படிச் சமாளித்தார்களோ!

அதாவது, எந்த ஸ்கேனும் எடுக்காமலேயே உங்கள் தங்கை நோயைச் சொல்லிவிட்டார். 'இதைப் போட்டால் எனக்கு மோசமாகிறது' என்பது புகாரில்லை, ஒரு பரிசோதனையின் முடிவு. படபடப்பை அடக்க வேண்டிய மாத்திரை ஆளைப் படுக்கவைத்தது என்றால் ஏதோ ஒன்று நாம் நினைத்தபடி இல்லை என்று அர்த்தம்.

இப்போது முதல் கேள்வி. கொஞ்சம் கணக்குப் போடுவோம். படபடப்பு என்று வரும் 10,000 பேரில் இந்தக் கட்டி உள்ளவர்கள் 2 பேர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் மெட்டாநெப்ரின் (அட்ரீனலின், நார்அட்ரீனலின் சிதைந்து வரும் பொருள்) சோதனை எடுக்கிறோம். நல்ல சோதனைதான், கட்டி இருந்தால் பெரும்பாலும் தவறவிடாது. ஆனால் நோயில்லாதவர்களில் பத்தில் ஒருவருக்குத் தவறாக 'அதிகம்' என்று காட்டினால்கூட, சுமார் 1,000 பேர் கையில் பயமுறுத்தும் ரிப்போர்ட். அவர்களுக்கெல்லாம் வயிற்றில் சி.டி. ஸ்கேன். பெரியவர்களில் நூற்றுக்கு நாலைந்து பேருக்கு அட்ரீனலில் ஒன்றும் செய்யாத ஒரு சின்ன முடிச்சு சும்மாவே இருக்கும், ஆக நாற்பது பேருக்கு ரிப்போர்ட்டும் தப்பு, ஸ்கேனிலும் முடிச்சு. இரண்டு பேரைத் தேடப்போய் நாற்பது பேரை அறுவை அரங்கின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்துவோம். இதில் இன்னொரு கூத்து, மன அழுத்தத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளே மெட்டாநெப்ரினைக் கூட்டிக் காட்டும். எனவே முதல் நாளே எல்லா டெஸ்டும் என்பதற்கு என் பதில், வேண்டாம். தங்கையின் கதையைக் கேட்ட பிறகு எடுத்தால் அதே சோதனைக்கு வேறு மதிப்பு, ஏனென்றால் அப்போது தேடுவது பத்தாயிரத்தில் இருவரை அல்ல.

இரண்டாவது கேள்வி. மழுப்பவில்லை. முதல் டாக்டர் மேல் தப்பில்லை என்பேன், 29 வயதில் படபடப்பு என்றால் பதற்றமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம், நானும் அதைத்தான் முதலில் நினைத்திருப்பேன். இரண்டாமவர் தலைவலியையும் வெளுப்பையும் கேட்டிருக்கலாம், அரைத் தப்பு. மூன்றாமவர் மேல் தப்பு இருக்கிறது. மாத்திரையால் மோசமானதைக் காதால் கேட்டுவிட்டு, அதையும் பயத்தின் கணக்கிலேயே எழுதினார். அமெரிக்க மருத்துவர் மார்க் கிரேபரும் சகாக்களும் 2005-இல் நோயறிதல் தவறிய 100 சம்பவங்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். மருத்துவர்களின் சிந்தனையில் அவர்கள் அதிகம் பார்த்த பிசகு அறிவின்மை அல்ல, ஒரு விடை கிடைத்ததும் கதவைச் சாத்திவிடுவது. பதற்றம் என்ற விடைக்கு ஒரு தனி வசதி உண்டு, அதன் பிறகு நோயாளி என்ன சொன்னாலும் அது பதற்றத்துக்கே சாட்சியாகிவிடும்.

இதை உயரத்தில் நின்றுகொண்டு சொல்லவில்லை. பல வருடம் முன்பு, திரும்பத் திரும்ப வயிற்றுவலி என்று ஒரு இளம்பெண் என்னிடம் வந்தார். வயிறு மெத்தென்று இருந்தது, ஸ்கேன் சுத்தம், ரத்தத்தில் சோடியம் மட்டும் லேசாகக் குறைவு. அந்தச் சோடியத்தை நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத் தாண்டிப் போனேன். 'உடலில் கோளாறு இல்லை' என்று ஃபைலில் எழுதினேன், மூன்று தடவை. நான்காவது தடவை அவர் வரவில்லை. குணமாகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன், நினைத்துக்கொண்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, மறந்தே போனேன். எட்டு மாதம் கழித்து அவருடைய அண்ணன் வந்து மேசைமேல் ஒரு டிஸ்சார்ஜ் தாளை வைத்தார். வலிப்பு வந்து, கைகால் பலவீனமாகி வேறோர் இடத்தில் சேர்த்திருக்கிறார்கள். வெளிச்சத்தில் வைத்திருந்த சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறியதை ஒரு செவிலியர் கவனித்திருக்கிறார். போர்ஃபிரியா, ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் தயாராகும் பாதையில் ஒரு நொதி குறைவதால் வருவது. குளுக்கோஸும் ஹீமின் ஊசியும் கொடுத்துத் தேற்றியிருக்கிறார்கள். அண்ணன் சத்தம் போடவில்லை. 'நீங்க தெரிஞ்சுக்கணும்னுதான் கொண்டுவந்தேன்' என்றார். அதன் பிறகு காரணம் தெரியாத வயிற்றுவலியோடு சோடியமும் குறைந்திருந்தால், வெளிச்சம் படாமல் சிறுநீரை எடுத்து, இந்த நோயில் கூடும் போர்ஃபோபிலினோஜென் என்ற பொருளைப் பார்க்காமல் நான் விட்டதில்லை. இரண்டு பேருக்கு இருந்தது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. இந்தக் கட்டி வருபவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மரபணுக் காரணம் இருக்கிறது, தங்கையைப் போல இளம் வயதில் வந்தால் இன்னும் அதிகம். அவருக்கு மரபணுச் சோதனை பற்றி யாராவது பேசினார்களா என்று கேளுங்கள். அதில் ஏதாவது தெரிந்தால் நீங்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டி திரும்ப வரலாம் என்பதால் அவருக்கு வருடத்துக்கு ஒருமுறை மெட்டாநெப்ரின் சோதனை உண்டு, நன்றாக இருக்கிறோமே என்று அதை விட்டுவிட வேண்டாம்.

அந்த மூன்றாம் டாக்டரைப் பொறுத்தவரை, தங்கை குணமாகிவிட்டார் என்றே அவர் இந்நேரம் நினைத்துக்கொண்டிருப்பார். முடிந்தால் அகற்றிய கட்டியின் ஆய்வு ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை அவர் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள். திட்ட வேண்டும் என்று தோன்றினால் திட்டலாம், ஆனால் தாளை முதலில் கொடுத்துவிடுங்கள்.