ரத்தத்தில் இருந்த கிருமியா, தோலில் இருந்த கிருமியா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. காய்ச்சலுக்காகச் சேர்த்த இடத்தில் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, "கிருமி வளர்ந்திருக்கிறது, ஆனால் தோலிலிருந்து கலந்ததாக இருக்கலாம், மறுபடி எடுக்கணும்" என்கிறார்கள். லேப்பில் தவறு நடந்துவிட்டதா டாக்டர்?

பதில்: பெரும்பாலும் லேப்பில் இல்லை, ரத்தம் எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. நம் எல்லோர் தோலிலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஊசியோடு அவற்றில் சில பாட்டிலுக்குள் போய்விட்டாலே போதும். கிருமியை வளர்ப்பதற்கென்றே தயாரித்த பாட்டில் அது.

நான் அதிகம் கவலைப்படுவது ஒரே பழக்கத்தைப் பற்றி. தோலை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு, நரம்பு எங்கே என்று மறுபடி விரலால் தடவிப் பார்ப்பது. கையுறை போட்டிருந்தாலும் அது ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) கையுறை இல்லையென்றால் செய்த சுத்தமெல்லாம் வீண். நரம்பை முதலில் தேடிக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியை 30 விநாடி அழுத்தித் தேய்த்து, தானாகக் காயும்வரை, இன்னொரு 30 விநாடியாவது, காத்திருக்க வேண்டும். வாயால் ஊதக் கூடாது. அவசரத்தில் விட்டுப்போவது இந்தக் காத்திருப்புதான். பாட்டிலின் ரப்பர் மூடியையும் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும், பார்க்கப் புதிதாக இருந்தாலும் அது கிருமி நீக்கியது அல்ல. ஏற்கெனவே போட்டிருக்கும் ட்ரிப்ஸ் ஊசியிலிருந்து எடுத்தால் கலப்பு கூடும், புதிதாகக் குத்தி எடுப்பதே நல்லது.

நூறு கல்ச்சரில் மூன்றுக்கு மேல் இப்படிக் கலக்கக் கூடாது என்பது நெடுநாளைய வரம்பு. கவனமாக எடுத்தால் ஒன்றுக்குக் குறைக்க முடியும். கலந்ததை உண்மையென்று நம்பினால் வேன்கோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் தேவையில்லாமல் ஏறும். வயதானவர்களின் சிறுநீரகத்துக்கு அது சுமை.

அதனால் மறுபடி எடுக்கச் சம்மதியுங்கள். இரண்டு வெவ்வேறு இடங்களில் எடுப்பார்கள், ஒவ்வொரு பாட்டிலுக்கும் 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும், அளவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இரண்டு இடத்திலும் ஒரே கிருமி வளர்ந்தால் அது உண்மையான தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அப்பாவுக்குச் செயற்கை இதய வால்வு, பேஸ்மேக்கர், டயாலிசிஸ் குழாய் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்படி இருப்பவர்களுக்கு இதே தோல் கிருமி உண்மையிலேயே நோய் உண்டாக்கக்கூடும். மறுபடி எடுத்த கல்ச்சரின் முடிவு வரும்வரை, ஓடிக்கொண்டிருக்கும் ஆன்டிபயாடிக்கை நீங்களாக நிறுத்தச் சொல்ல வேண்டாம்.