பேட்டி எடுக்கக் கிளம்பும் முன்: மாணவ இயக்குநர்களுக்குப் பதில்கள்

உள்ளூர் வரலாற்றை ஆவணப்படமாக எடுக்கும் மாணவர்கள் படப்பிடிப்பு நாளைப் பற்றிக் கேட்ட கேள்விகள் இவை. இந்த வேலையில் செய்யக்கூடிய தவறுகளை அநேகமாக எல்லாம் செய்து முடித்துவிட்டேன். அந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன்.

ஒரே நாளில் ஐந்து பேரைப் பேட்டி எடுக்க முடியுமா, அண்ணா?

எடுத்துவிடலாம். ஆனால் ஐந்தாவது ஆள் பேசும்போது நீங்கள் காது கொடுக்க மாட்டீர்கள், தலையை மட்டும் ஆட்டுவீர்கள். மூன்று பேர் போதும். இருப்பவர்களில் மூத்தவரைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் அவருக்கும் அலுப்பு, உங்களுக்கும் அலுப்பு.

துறையில் நல்ல கேமரா கொடுத்திருக்கிறார்கள். மைக் மட்டும் இல்லை. கேமராவிலேயே இருக்கும் மைக் போதாதா?

போதாது. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் இரண்டு நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள். கேமரா ஆறடி தள்ளி நிற்கிறது. அதன் மைக்கில் பேசுபவரைவிட அறையின் எதிரொலிதான் அதிகம் விழும். ஒரு காலர் மைக்கை இரவல் வாங்குங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் உங்கள் போனில் கம்பியுள்ள சின்ன மைக்கைச் செருகி, பதிவை ஓடவிட்டு, போனை அவர் சட்டைப் பையில் போட்டுவிடலாம். விமானப் பயன்முறையில் வைக்க மறக்காதீர்கள். தொடங்கும்போது ஒருமுறை கைதட்டினால் பிறகு ஒலியையும் படத்தையும் பொருத்துவது சுலபம்.

மைக்கை மார்பு எலும்புக்கு நேராக, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குத்துங்கள். கழுத்துச் சங்கிலி உரசினால் அந்தப் பேட்டி போனது போனதுதான். ஒலி அளவைக் காட்டும் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். யாராவது திடீரென்று சிரித்தாலும் கிழியாது. ஹெட்போனைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

பேசி முடித்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் அறையின் வெறும் ஒலியைப் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் அந்த மௌனம்தான் பூச்சு வேலை செய்யும். அப்புறம், இரைச்சல் பதிவில் விழாமலிருக்க ஃபிரிட்ஜை அணைக்கச் சொல்வீர்கள் இல்லையா? உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். சாவி இல்லாமல் கிளம்ப முடியாது, அதனால் மறுபடி போடாமல் வர மாட்டீர்கள். நான் ஒரு வீட்டில் அணைத்துவிட்டு அப்படியே வந்தவன்.

குழல்விளக்கு வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறது. கேமரா கோளாறா?

கோளாறில்லை, ஷட்டர் வேகம்தான், அதாவது ஒவ்வொரு பிரேமும் ஒளி வாங்கும் நேரம், விளக்கின் துடிப்போடு ஒத்துப்போகவில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 நொடி. 60 ஹெர்ட்ஸ் என்றால் 30 பிரேம், 1/60. முடிந்தால் விளக்கையே அணைத்துவிட்டு அவரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் கருத்துவிடும்.

பேசுபவர் எங்கே பார்க்க வேண்டும்?

உங்களை. நீங்கள் லென்ஸை ஒட்டி, அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். நின்றுகொண்டு கேட்டால் அவர் அண்ணாந்து பார்ப்பார், விசாரணைபோல் ஆகிவிடும்.

ஒரு தாத்தாவிடம் "அந்த ஆலை மூடியபோது கஷ்டமாக இருந்ததா?" என்றேன். "ஆமாம்" என்றார். அவ்வளவுதான்!

ஆமாம் என்று சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள், அவரும் சொல்லிவிட்டார். "ஆலை மூடிய அன்று காலையில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். உணர்ச்சியைக் கேட்காமல் இடத்தையும் பொருளையும் கேட்க வேண்டும்: வாசல் எந்தப் பக்கம் இருந்தது, சங்கு எத்தனை மணிக்கு ஊதும், பக்கத்தில் யார் நின்று வேலை செய்தார். உணர்ச்சி தானாகப் பின்னால் வரும். பழைய புகைப்படம் ஒன்றைக் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது.

உங்கள் குரல் படத்தில் வராது என்றால், கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லும்படி முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் நிறுத்தியதும் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த ஐந்துக்குள் வருவதுதான் பல நேரம் படத்தில் நிற்கும்.

ஒரே வெள்ளத்தை ஒருவர் ஒரு வருடத்திலும் இன்னொருவர் வேறு வருடத்திலும் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

வருடத்துக்கு இருவரையும் நம்ப வேண்டாம். மனிதர்கள் வருடத்தை எண்ணாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை. "பெரியவள் கைக்குழந்தையாக இருந்தபோது" என்றுதான் வைத்திருப்பார்கள். அந்தப் பெரியவள் பிறந்த வருடத்தைக் கேளுங்கள், கணக்கு வந்துவிடும். பிறகு பழைய செய்தித்தாள், பள்ளிப் பதிவேடு, நிலப் பத்திரம் என்று ஒத்துப் பாருங்கள். புகைப்படத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், தேதி அங்கே இருக்கலாம்.

கேமராவுக்கு முன்னால் மட்டும் அவரைத் திருத்தாதீர்கள். திருத்தினால் அடுத்த அரை மணி நேரம் பயந்து பயந்து பேசுவார். இரண்டு நினைவுகளும் மோதுவதையே படத்தில் வைக்கலாம். இருவரும் ஒரே நாளை ஏன் வேறு வேறாகச் சுமக்கிறார்கள் என்பது சரியான தேதியைவிடச் சுவாரசியம் என்பது என் கட்சி. ஆனால் திரையில் எழுத்தாகப் போடும் தேதி சரிபார்த்ததாகத்தான் இருக்க வேண்டும்.

பேசும்போது அழுதுவிட்டால் கேமராவை நிறுத்த வேண்டுமா?

நிறுத்தட்டுமா என்று அவரையே கேளுங்கள், அக்காவோ பாட்டியோ யாராக இருந்தாலும். முகத்துக்கு நெருக்கமாக ஜூம் மட்டும் செய்துவிடாதீர்கள். அதைப் பார்க்கவே எனக்குக் கூசும்.

ஒப்புதல் படிவம் தேவையா? சொந்தப் பாட்டியைத்தானே எடுக்கிறோம்.

தேவை. எங்கே திரையிடுவோம், இணையத்தில் போடுவோமா என்று எழுதி, படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பேசியதில் எதையாவது நீக்கச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்பதையும் சேருங்கள். வாங்கும் ஆல்பத்தின் படங்களுக்கும் தனியாக அனுமதி கேளுங்கள்.

மெமரி கார்டு எவ்வளவு எடுத்துப் போவது?

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் மணிக்குச் சுமார் 45 ஜிபி ஆகும். அன்றிரவே இரண்டு டிஸ்க்குகளில் நகலெடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகே கார்டை அழியுங்கள்.

எல்லாம் முடிந்து பெட்டியைக் கட்டும்போதுதான் நல்ல கதையே சொல்கிறார்கள். என்ன செய்ய?

எல்லோருக்கும் அப்படித்தான் நடக்கிறது. அதனால் மைக்கைக் கடைசியாகக் கழற்றுங்கள். ஆனால் அது ஓடுவதை மறைக்கக் கூடாது, "ஐயா, மைக் இன்னும் ஓடுகிறது, பரவாயில்லையா?" என்று சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து கேளுங்கள்.