பழைய கப்பலை மூழ்கடித்துவிட்டால் என்ன?

கேள்வி: குஜராத்தின் அலங் கரையில் கப்பல்களை உடைக்கும் தொழிலாளர்கள் விபத்துகளில் இறப்பதாகப் படிக்கிறோம். அமெரிக்காவிலோ பழைய கப்பல்களைக் கடலில் மூழ்கடித்து மீன்களுக்கு உறைவிடமாக்குகிறார்கள். நாமும் அப்படியே செய்தால் உயிர்ச்சேதமும் குறையும், மீன்வளமும் பெருகும் அல்லவா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: உங்கள் அக்கறை நியாயமானது. ஆனால் மூழ்கடிப்பது செலவில்லாத, தீங்கில்லாத வழி என்று எண்ணிவிட வேண்டாம். 2006ஆம் ஆண்டு மே 17 அன்று புளோரிடாவின் பென்சகோலா கரைக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட ஒரிஸ்கானி என்ற விமானந்தாங்கிக் கப்பல், வெடி வைத்த 37 நிமிடங்களில் சுமார் 65 மீட்டர் ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்பு அதிலிருந்த எண்ணெயை வடித்து, நச்சுப்பொருள்களைப் பிரித்தெடுத்து, கப்பலைத் தயார்செய்யவே நெடுங்காலம் பிடித்தது. செலவு ஏறத்தாழ 2 கோடி டாலர். அவ்வளவு செய்தும், மின்கம்பி உறைகளில் கலந்திருந்த பிசிபி என்ற நச்சு வேதிப்பொருளை முழுவதும் எடுக்க இயலாமல், அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தனி அனுமதியைப் பெற்ற பின்னரே மூழ்கடித்தார்கள். கரையில் உடைத்தாலும் கடலில் இறக்கினாலும் நஞ்சை எடுக்கும் வேலை ஒன்றுதான். உடைத்தால் இரும்பாவது மிஞ்சும்.

அந்த வேலையைச் செய்ய யாரும் முன்வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் ஒரே வடிவில் கட்டப்பட்ட பிரான்சின் இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் சாட்சி. மூத்ததான கிளெமான்சோ 2005ஆம் ஆண்டின் கடைசி நாளில் அலங் நோக்கிப் புறப்பட்டது. அதில் நுரையீரலுக்குக் கேடான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) எவ்வளவு இருக்கிறது என்பதைப் பற்றி இங்கே உச்சநீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. பிப்ரவரி 2006இல் பிரான்ஸ் அதிபர் சிராக் கப்பலைத் திருப்பி அழைத்துக்கொண்டார். பின்னர் அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் முறையாகப் பிரிக்கப்பட்டது. இளையதான ஃபோஷ், பிரேசிலுக்கு விற்கப்பட்டு சாவோ பாவ்லோ என்று பெயர் மாறியிருந்தது. 2022இல் துருக்கிக்கு உடைக்கச் சென்றபோது அந்நாடு வழியிலேயே அனுமதியை ரத்து செய்தது. திரும்பி வந்தால் சொந்த நாட்டுத் துறைமுகமும் ஏற்கவில்லை. மாதக்கணக்கில் இழுவைப் படகின் பின்னால் அலைந்த அந்தக் கப்பலை, 2023 பிப்ரவரி 3 அன்று பிரேசில் கடற்படை அட்லாண்டிக்கில் ஏறத்தாழ 5,000 மீட்டர் ஆழத்தில் கல்நாரோடு மூழ்கடித்தது. இதை மீன்களுக்கு உறைவிடம் என்று எவரும் சொல்ல முடியாது.

இனி அலங். கம்பாத் வளைகுடாவில் கடல் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே 10 மீட்டர் அளவுக்கு வேறுபாடு உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தில் கப்பலை முழு வேகத்தில் ஓட்டிக் கரையேற்றிவிட்டால், நீர் வற்றியதும் அது சேற்றில் உட்கார்ந்துவிடும். நீரை வடித்துக் கப்பலை நிறுத்தும் உலர்துறைக்கான செலவு மிச்சம். உலகின் மிக நீளமான கப்பலாக, 458 மீட்டர் நீளத்தோடு இருந்த எண்ணெய்க் கப்பலும் 2009 இறுதியில் இங்கேதான் கரையேறியது. கப்பலின் எடையில் பெரும்பகுதி இரும்பு என்பதால், உரிமையாளர் பணம் கொடுத்து அப்புறப்படுத்துவதற்குப் பதிலாகப் பணம் வாங்கிக்கொண்டு விற்கிறார். இந்தப் பெரிய காயலான் கடையின் கணக்கு இதுதான். ஆனால் வெட்டப்படும் பாகங்கள் ஏற்றம் வந்து போகும் சேற்றில் விழுகின்றன; எரிவாயு எஞ்சிய தொட்டியில் வெட்டும் தீ பட்டால் வெடிக்கிறது. 2016இல் பாகிஸ்தானின் கடானியில் ஓர் எண்ணெய்க் கப்பல் இவ்வாறு தீப்பற்றி 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2025 ஜூன் 26 முதல் நடைமுறைக்கு வந்துள்ள, கப்பல் உடைப்பு பற்றிய சர்வதேச ஹாங்காங் உடன்படிக்கை, கப்பலில் உள்ள நச்சுப்பொருள்களின் பட்டியலையும் உடைக்கும் தளத்துக்கு அனுமதியையும் கட்டாயமாக்குகிறது. கரையேற்றி உடைப்பதை மட்டும் அது தடை செய்யவில்லை; இது அதன் பெரிய ஓட்டை என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: எண்ணெய் எடுத்து முடித்த கடல் தளங்களையும் இப்படி விட்டுவிடுகிறார்களாமே? (அதே வாசகர்)

பதில்: அமெரிக்காவை ஒட்டிய மெக்சிகோ வளைகுடாவில் 500க்கும் மேற்பட்ட தளங்கள் அவ்வாறு விடப்பட்டுள்ளன. மேல்தளத்தைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டு, கால்களாக நிற்கும் இரும்புச் சட்டத்தை மட்டும் சாய்த்தோ பாதியில் வெட்டியோ கடலில் விடுகிறார்கள். முழுவதும் அகற்றாததால் நிறுவனத்துக்கு மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கு, பெரும்பாலும் பாதி, மாநில அரசின் நிதிக்குச் செல்கிறது. ஐரோப்பாவின் வடகடலில் நிலைமை நேர்மாறு: 1995இல் பிரென்ட் ஸ்பார் என்ற எண்ணெய்ச் சேமிப்புக் கலத்தை ஆழ்கடலில் தள்ள ஷெல் எண்ணெய் நிறுவனம் முயன்றபோது கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு அதில் ஏறிப் போராடியது. உள்ளே இருந்த எண்ணெயின் அளவை மிகைப்படுத்திவிட்டதாக அவ்வமைப்பு பின்னர் மன்னிப்புக் கேட்டது. ஆயினும் 1998இல் அப்பகுதி நாடுகள் தளங்களைக் கடலில் விடுவதைச் சில விலக்குகளோடு தடை செய்தன.

மீன் உண்மையிலேயே பெருகுகிறதா, வேறிடத்து மீன் அங்கே வந்து கூடுகிறதா என்ற வாதம் ஆய்வாளரிடையே இன்னும் ஓயவில்லை. வெறுமனே கூடுகிறது என்றால், அந்த இடம் மீன்பிடிப்பவருக்கு வசதி, மீனுக்கு ஆபத்து. நம் பக்கத்திலேயே, 2021 ஜூனில் இலங்கை அரசு யாழ்ப்பாணத்துக்கு அப்பால் பழைய பேருந்துகளைக் கடலில் இறக்கியபோது, தங்கள் வலைகள் சிக்கிக் கிழியும் என்று ராமேஸ்வரம் மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தமிழ்நாட்டுக் கரையோரம் நம் மீன்வளத் துறையினர் இறக்குவது கப்பலையோ பேருந்தையோ அல்ல, இதற்கென்றே வார்த்த கான்கிரீட் வடிவங்களை. அவற்றிலிருந்து வடித்தெடுக்க எண்ணெயும் இல்லை, பிரித்தெடுக்கக் கல்நாரும் இல்லை.